செவலைக்கு ஜன்னி கண்ட நாள்

விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த மழை, ஒரு வாரம் விடாமல் பிடித்துக்கொண்ட சமயத்தில்தான் அந்த நாய் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. செகிஞ்சான் பக்கத்து வயல் வீடுகளில் விரட்டியிருக்கலாம். மெயின் ரோட்டில் எவனாவது லோரியை நிறுத்தி இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். நல்ல செம்மண் நிறம். வயிறு தரையில் இழுபடாத குறையாக, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் டிராக்டர் தடத்தில் நனைந்துகொண்டே நடந்து வந்து, ஒரு வீட்டையும் ஏறிட்டுப் பார்க்காமல், கடைசி வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த கோழிக்கூட்டுக்குள் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டது.

கடைசி வீடு லோகேஸ்வரியுடையது. விடிந்ததும் துணி அலசப் பின்பக்கம் போனவள், கூட்டுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தாள். மழையில் நனைந்த கிழங்குகளைக் கொட்டி வைத்ததுபோல ஆறு குட்டிகள். கண் இல்லை, காது இல்லை, வெறும் வாயும் வயிறும்தான். தாய் தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, தொண்டைக்குள் உறுமியது. லோகேஸ்வரி வாளியைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்தாள்.

உள்ளே போய்ப் புருஷனிடம் சொன்னாள். அந்தப் பீடையை எங்காவது கொண்டு போய் விடவேண்டும், நமக்கே ஆயிரம் தலைவலி என்றாள். உமாபதி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு அடையாளமாக லேசாகத் திரும்பினான். அவ்வளவுதான்.

அவன் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊமையாகிவிடவில்லை. "ம்" உண்டு, "வேண்டாம்" உண்டு. மற்றதெல்லாம் நின்று போயிருந்தது. அந்தத் தோட்டத்தில் இருபது வருஷம் குலை வெட்டினவன் உமாபதி. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் குலையை, நீளக் கம்பியின் முனையில் கட்டிய அரிவாளால் ஒரே இழுப்பில் இறக்குவான். ஒருநாள் வெட்டின குலை மட்டையில் இடறி, விழவேண்டிய இடத்தில் விழாமல், அவன் வலது தோளில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. கை தோளிலிருந்து தொங்கியது, கொடியில் போட்ட ஈரச் சட்டை மாதிரி. வேலை போனது ஒரு பக்கம். ராத்திரி படுக்கையில் கதை கதையாகச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கிற மனுஷன் போனது இன்னொரு பக்கம். முதலில் அழுதாள், அப்புறம் சண்டை போட்டாள், அப்புறம் அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தஞ்சோங் காராங்கில் நாகூர் மீரான் பாயின் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. விடியக்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் மத்தியானத்துக்கு மேல் வருவாள். வெங்காய வாசனையோடு வருகிறவளை அவன் நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

அன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பின்பக்கம் ஓடினாள். உமாபதி கோழிக்கூட்டுக்கு முன்னால் சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கூட்டின் மேல் பழைய தகரம் ஒன்று ஏறியிருந்தது. ஒற்றைக் கையால் எப்படி ஏற்றினானோ. உள்ளே உரச் சாக்கை விரித்து, அதற்கு மேல் அவனுடைய பழைய கைலியைப் போட்டிருந்தான். நாய் உறுமவில்லை. அவன் நீட்டிய தட்டிலிருந்து சோற்றை அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

அவன் திரும்பாமலே, "பாய் கடையில எலும்பு கிலும்பு கெடந்தா கேட்டுப் பாரு லோகு. வெறும் சோத்துல இது பால் குடுக்க முடியாது" என்றான்.

எட்டு மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவள் அங்கேயே நின்றாள், வேறு ஏதாவது வருமா என்று. வரவில்லை.

நாகூர் மீரான் பாயிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. நாய் அவர்களுக்கு ஆகாத ஜீவன். ஆனால் பாய், தான் அதைத் தொடக்கூடாதே தவிர அது பட்டினி கிடக்கவேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் சொல்லவில்லை என்றார். அன்றிலிருந்து ஆட்டு எலும்பும் கோழி ஈரலும் கொஞ்சம் சோறும் தனிப் பையில் முடிந்து, கடையின் பின்கதவுக் கொக்கியில் தொங்கும். பையைக் கொடுக்கும்போது பாய் குட்டிகளைப் பற்றி மட்டும் விசாரிப்பார்.

மழை விட்டும் விடாமலுமாக நாட்கள் போயின. செம்பனைக் காட்டுக்குள் காலையில் இறங்கும் பனி பத்து மணிவரை கலையாது. அந்தப் பனிக்குள் ஆட்கள் நடமாடுவது தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருக்கும். தூரத்தில் குலை ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம், யாரோ யோசித்து யோசித்துக் கதவைத் தட்டுவதுபோல் வந்துகொண்டே இருக்கும். உமாபதி முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவான். இப்போது அது காதில் விழாதவன்போலக் கூட்டருகே கிடந்தான். நாய்க்குச் செவலை என்று பேர் வைத்தான். குட்டிகளில் ஒன்று மற்றவற்றை முட்டித் தள்ளிப் பால் குடிக்கத் தெம்பில்லாமல் ஒதுங்கியே கிடந்தது. அதைத் தினமும் எடுத்துப் பால் நிறைந்த பின்காம்பில் வைத்துப் பிடித்துப் பார்த்தான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அது குளிர்ந்து கிடந்தது. வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். செவலை சாக்கை மூக்கால் புரட்டிப் புரட்டித் தேடியது. அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு அவன் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். லோகேஸ்வரி மோட்டாரை முன்னால் நிறுத்திவிட்டு, எலும்புப் பையோடு பின்பக்கம் வந்தவள், தகரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே பேச்சுக் குரல். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அப்புறம்தான் அது உமாபதியின் குரல் என்று உறைத்தது. அந்தக் குரலையே அவள் மறந்து போயிருந்தாள்.

"இன்னிக்குக் கட்டைவிரல் அசைஞ்சிச்சும்மா. நெசமாத்தான். காலையில பல்லு வெளக்குறப்ப. மறுபடி அசைச்சுப் பார்த்தேன், அசையல. ஆனா ஒரு தடவ அசைஞ்சிச்சு."

செவலை பெருமூச்சு விட்டது கேட்டது. குட்டிகள் சப்புக் கொட்டிக் குடிக்கும் சத்தம் கேட்டது. லோகேஸ்வரி பையைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். விரல் அசைந்தது நல்ல சேதிதானே, அழுவானேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் விரல் அசைந்தது ஒரு நாய்க்கு முதலில் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் மகள் தனேஸ்வரி போன் செய்தாள். புக்கிட் பெருந்துங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை அவளுக்கு. வழக்கம்போல, அப்பா பேசுறாராம்மா என்று கேட்டாள்.

"பேசுறாரு" என்றாள் லோகேஸ்வரி. "நாய்கிட்ட."

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அதிலிருந்து லோகேஸ்வரிக்கு அந்த நாயைக் கண்டால் ஆகாது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய கோபமா அது? எலும்பைக் கொண்டுவந்து வைப்பாள், கிட்டே போகமாட்டாள். செவலையும் அவளைக் கண்டால் இன்னும் உறுமத்தான் செய்தது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் முகம் பார்க்காமல் வாழ்வதுபோல இருந்தது.

உமாபதிக்கு வாரம் ஒருநாள் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி. லயத்துக்காரன் வீரன், வேனில் அழைத்துப் போய்க் கொண்டுவந்து விடுவான். அப்படி அவன் போயிருந்த ஒரு நாள். லோகேஸ்வரி கடையிலிருந்து வந்தபோது லயத்தில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் வேலைக்காட்டில். வானம் மூடிக்கொண்டு, காற்றில்லாமல், எல்லாம் கண்ணாடிக்குள் வைத்ததுபோல் இருந்தது. குட்டிகள் கத்தும் சத்தம் வழக்கமானதாக இல்லை.

குனிந்து பார்த்தாள். செவலை கூட்டுக்கு வெளியே பாதி உடம்போடு கிடந்தது. நான்கு காலும் குச்சி மாதிரி விறைத்திருந்தன. உடம்பு முழுக்க நடுக்கம், தோலுக்கு அடியில் ஏதோ ஓடுவதுபோல. நாக்கு தொங்க, மூச்சு இரைக்க இரைக்க வந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. தொட்டாள். நெருப்பாகக் கொதித்தது. உறுமவில்லை.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஜன்னி காணும் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். நாய்க்கும் காணுமா என்று யாரைக் கேட்பது? செத்துப் போகட்டும் என்று ஒரு நொடி தோன்றாமலில்லை. அடுத்த நொடி, உமாபதி வந்து இதைப் பார்க்கும் முகம் கண்ணில் வந்தது. ஜன்னலோரத்து அந்த நாற்காலியும் வந்தது.

உள்ளே ஓடி அலமாரியைத் திறந்து, துணிகளை இழுத்துப் போட்டு, கெட்டியான கைலி ஒன்றை எடுத்தாள். மடித்து வைத்திருந்த காசை எடுத்து மாரில் சொருகினாள். கைலியைத் தோளுக்குக் குறுக்கே தூளிபோலக் கட்டிக்கொண்டு வந்து, சேற்றில் மண்டி போட்டு, விறைத்த உடம்பை அப்படியே அதற்குள் சாய்த்துத் தூக்கினாள். நல்ல கனம். குட்டிகளைச் சாக்குக்குள் ஒன்றாக நெருக்கி மூடினாள். மோட்டாரில் ஏறி உட்கார்ந்தபோது நாயின் தலை அவள் தோளில் கிடந்தது. செகிஞ்சானில் வயலோரத்தில் ஒரு சீன டாக்டரம்மா நாய் பூனைக்கு வைத்தியம் பார்ப்பதாகக் கடைக்கு வருகிறவர்கள் பேசிக் கேட்டிருந்தாள். அந்த நினைப்பில்தான் கிளம்பினாள். போன் அடுப்பு மேடையில் கிடந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

வாய்க்கால் ரோட்டில் ஏறியதும் உலகம் பச்சையாகிவிட்டது. இரண்டு பக்கமும் நெல், கண்ணுக்கெட்டிய மட்டும் நெல். அதன் மேல் கொக்குகள் அசையாமல் நின்றன. தூறல் விழ ஆரம்பித்தது. வண்டி போகிறதா, வயல்தான் பின்னால் நழுவுகிறதா என்று தெரியவில்லை. நாயின் இதயம் அவள் மாரில் படபடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் எது தன்னுடைய அடி, எது அதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. தனேஸ்வரியை இப்படித்தான் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது ஞாபகம் வந்தது. அப்போது வண்டி ஓட்டியது உமாபதி.

"இரும்மா, இரு. வந்துட்டோம்" என்றாள். தன் வாயிலிருந்து வந்த அந்த 'அம்மா' அவளுக்கே புதிதாக இருந்தது.

அதோடு நிறுத்தவில்லை. மடை திறந்துகொண்டது. உன்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் என்று சொன்னாள். அவர் என்னிடம் பேசமாட்டேன் என்கிறாரே, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டாள். வெங்காயம் நறுக்கும்போதுதான் வசதியாக அழமுடிகிறது என்றாள். அவருக்கு முன்னால் நான் சிரித்தால் அவரைக் கேலி செய்வதாகிவிடுமோ என்று பயம், அழுதால் பாரமாகிவிடுமோ என்று பயம், அதனால் ஒன்றும் செய்யாமல் இருந்து இருந்து முகமே மரத்துப் போச்சு என்றாள். மழைத் தண்ணீர் வாய்க்குள் போகப் போகப் பேசினாள். நாய் ஒன்றும் சொல்லவில்லை. தலையை அவள் கழுத்தில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டது. பரிதாபப்படவில்லை, புத்தி சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாயிடம் பேசுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவன் ஏன் அங்கே போய் உட்கார்ந்தான் என்பதும்.

டாக்டரம்மா இளவயசுக்காரி. வாசலில் அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் இரண்டு கையாலும் நாயை வாங்கி மேசையில் போட்டாள். முன்காலில் ஊசி ஏற்றி, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, சொட்டுச் சொட்டாக மருந்தை இறக்கினாள். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று மலாயில் சொன்னாள். உடம்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோடு குட்டிகளுக்குப் போய்விட்டது, இதுபோன்ற வற்றல் உடம்புக்காரிகளுக்குத்தான் இது வரும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் திரும்பியிருக்காது என்றாள். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டது என்று அவள் சொன்னபோது லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. முதலில் காது, பிறகு கால். கடைசியில் செவலை கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தது. நிஜமாகவே பார்த்தது.

ஒரு நாள் முழுக்கக் குட்டிகளைப் பாலுக்கு விடக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. பால்மாவும், ஊசியில்லாத பீச்சாங்குழலும், செவலைக்கு மாத்திரையும் கொடுத்தாள். குட்டியை மல்லாத்திப் புகட்டினால் பால் நெஞ்சில் ஏறிவிடும், குப்புறப் பிடித்து, சொட்டுச் சொட்டாகத்தான் புகட்டவேண்டும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய் நக்கி விடுவதை நாம்தான் செய்யவேண்டும் என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழைக்குப் பிறகு வரும் அந்த மஞ்சள் வெளிச்சம் லயத்து வாசலெல்லாம் கிடந்தது. கதவு அவள் போட்டுவிட்டுப் போனபடியே திறந்திருந்தது. உமாபதி அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி மடியில் விரித்து, அதில் ஐந்து குட்டிகளையும் போட்டுச் சுற்றி அணைத்திருந்தான். விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு ஒன்றின் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவன், தொப்பலாக நனைந்து, மாரில் நாயைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் கோணிக்கொண்டது.

அவள் மெதுவாக உட்கார்ந்து கைலி முடிச்சை அவிழ்த்து நாயைத் தரையில் கிடத்தினாள். நடந்ததை இரண்டு வார்த்தையில் சொன்னாள். அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"வந்து பார்த்தா மோட்டார் இல்ல" என்றான். "அலமாரி தெறந்து கெடக்கு, துணியெல்லாம் கீழ கெடக்கு. போன் அடிச்சேன், இங்கயே அடிக்குது." ஈர விரலைச் சட்டையில் துடைத்தான். "சரி, நீ என்னை விட்டுட்டுப் போயிட்டன்னு நெனச்சேன். தெனமும் நெனக்கிறதுதான். இன்னிக்கு நெசமாவே போயிட்டன்னு நெனச்சேன். அப்புறம் குட்டிங்க சத்தம் கேட்டு வெளிய போனா, இதயும் காணோம். ரெண்டு பேரும் போயிட்டீங்கன்னு..."

சட்டையை இழுத்துக் குட்டிகளை மூடினான்.

லோகேஸ்வரி அவனையே பார்த்தாள். எட்டு மாதமாக இவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஜன்னல் ரோட்டைப் பார்த்த ஜன்னல். காலையில் அவள் போவதும் அதில்தான் தெரியும், மத்தியானம் வருவதும் அதில்தான் தெரியும்.

"போறவ நாயத் தூக்கிக்கிட்டா போவா?" என்றாள்.

அவன் முதலில் விழித்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது. அவளுக்கும் வந்துவிட்டது. மடியில் குட்டிகள் கத்த, நடுவில் செவலை மயங்கிக் கிடக்க, இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

பால்மா கரைத்தாள். அவன் இடது கையில் குட்டியைக் குப்புறப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு கையால் அதன் தாடையைத் தூக்கி, மறுகையால் சொட்டு விட்டாள்.

"மொள்ள லா, பொற ஏறிடும்" என்றான்.

"எனக்குத் தெரியும். நீங்க ஆட்டாம புடிங்க."

"நான் எங்க ஆட்டுறேன், அது ஆடுது."

மூன்று கைதான், ஆனால் அந்த வேலைக்கு அது போதுமாக இருந்தது. ஒன்று முடிந்தால் ஒன்று. ஐந்தாவது முடிவதற்குள் முதலாவது மறுபடி கத்தியது. ராத்திரி முழுக்க அப்படித்தான் போயிற்று. தூக்கத்திலும் விழிப்பிலும் ஒரே பால் வாசனை. நடுநடுவே அவன் ஏதேதோ சொன்னான். விரல் அசைந்ததைச் சொன்னான். அவள் அதை அப்போதுதான் கேட்பவள்போலக் கேட்டாள்.

மறுநாள் பாய்க்குப் போன் செய்து லீவு கேட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு பாய், ஆட்டுக்கால் சூப்பு வைத்துத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன், வீரனை அனுப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நாய்க்கா என்றாள். உனக்குத்தான் தங்கச்சி, குரலே இல்லையே என்றார்.

செவலை எழுந்து நின்றது. தள்ளாடித் தண்ணீர் குடித்தது. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது கொட்டுகிற கொட்டில் வேறு சத்தமே கேட்கவில்லை. டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்து, குட்டிகளைக் கொஞ்ச நேரத்துக்குத் தாயிடம் விட்டார்கள். ஐந்தும் வரிசையாக ஒட்டிக்கொண்டன. ஒரு குட்டிக்கு இடது கண் மட்டும் நூலிழைபோலப் பிளந்து, உள்ளே நீலமாக எதுவோ மினுங்கியது. அதை உமாபதியிடம் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டே லோகேஸ்வரி அவற்றின் பக்கத்தில் சிமெண்ட்டுத் தரையில் தலையைச் சாய்த்தாள். கண் சொருகியது. மழைக்குள் பச்சை வயல் வந்தது, அதில் அவள் போய்க்கொண்டே இருந்தாள், மாரில் யாரோ கனமாக, சூடாக, மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். செவலை தலையைத் தூக்கி அவளை முகர்ந்தது. உறுமாமல், அவள் புறங்கையை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடி படுத்தது. அது கனவிலா, நிஜத்திலா என்று அவள் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ. மழை தணிந்து, கூரையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. கூடவே அடுப்பில் ஏதோ தளதளவென்று கொதிக்கும் சத்தம். அரிசி வேகிற வாசனை. எதையோ கீழே போட்டு, உருட்டி எடுக்கும் சத்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அடுப்பை அவளைத் தவிர யாரும் பற்ற வைத்ததில்லை.

"லோகு" என்று அடுப்புப் பக்கமிருந்து குரல் வந்தது. "ரசத்துக்கு உப்பு எவ்வளவு போடணும்?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கொஞ்சமாப் போடுங்க. பத்தலன்னா வந்து கேளுங்க."

"ம்" என்றான். பிறகு, "கேக்குறேன்" என்றான்.